கடுகு நிற்காத பெட்டி

ஜூன் 22, ஞாயிறு இரவு
வீக், ஐஸ்லாந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் நலம். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க அந்த முருகன் துணை. நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். அக்காவின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். அவள் போட்டோ எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவாள். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படிப்பாள்.

மணி பதினொன்றரை ஆகிறது. வெளியே நம் ஊர் சாயங்காலம் ஆறு மணி மாதிரி வெளிச்சம். அம்மா ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்குகிறாள். குழந்தைக்குக் கழுத்து நிற்க ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அம்மாதான். அக்கா இன்னும் கொஞ்சம் தேறணும். மாப்பிள்ளைக்கு ஹோட்டல் அடுப்படியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. இவ்வளவுதான் இங்கத்துச் செய்தி.

நீ போன் பண்ணவில்லை என்று நான் குறை சொல்ல வரவில்லை. வேலை இருக்கும். அம்மாதான் நாள் எண்ணுகிறாள். நீ கடைசியாகப் பேசினது குழந்தை பிறந்த அன்று, அதுவும் இரண்டு நிமிஷம். அப்புறம் வருவதெல்லாம் கை கூப்பின பொம்மைப் படம். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆர்டர் போட்டு வாங்குகிற சாப்பாட்டில் எண்ணெய் எதுவோ யாருக்குத் தெரியும். ராத்திரி ஒரு ரசமாவது வைத்துக்கொள்.

பாப்பாவின் பிறந்தநாள் போட்டோவை அக்கா காட்டினாள். பச்சைப் பாவாடை நன்றாக இருந்தது. பின்னால் தெரிந்த கதவும் நல்ல வேலை. பலகைக் கதவு, பித்தளைக் குமிழ், நிலைச் சட்டத்தில் வாழைப்பூ. உன் ஃபிளாட்டில் இருப்பது ஒட்டுப்பலகைக் கதவு. வாழைப்பூ போட்ட அந்த நிலையை நான் கல்யாணப் பேச்சுக்குப் போன அன்றைக்கே தடவிப் பார்த்தவன். சரி, லீவுக்குப் போயிருப்பார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது இல்லையா?

போன திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு ஓய்வு. ஸ்கோகர் என்கிற இடத்துக்குக் காரில் கூட்டிப்போனார். இங்கிருந்து அரைமணி நேரம். அறுபது மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. ஊர் உலகமே அதைப் பார்க்கத்தான் வருகிறது. எங்களோடு வந்த வீட்டுக்கார அம்மா அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. எழுபது வயசுக்கு மேல் இருக்கும், என்னைவிட வேகமாக நடக்கிறார். கொஞ்சம் தள்ளி ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, நேரே அங்கே கூட்டிப்போய்விட்டார். அவர் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் சொன்னாள்.

நான் அருங்காட்சியகம் என்றால் ராஜா வாள், ராணி நகை என்று நினைத்தேன். உள்ளே போனால் எல்லாம் வீட்டுச் சாமான். சோறு தின்ற பாத்திரம், பால் தயிர் வைத்த மரத்தொட்டி, குதிரை முடியில் திரித்த கயிறு, கொம்பில் செய்த கரண்டி. 1949இல் ஆரம்பித்தார்களாம். தோர்துர் தோமாசன் என்று ஒரு மனுஷர். பையனாக இருக்கும்போதே பண்ணை பண்ணையாகப் போய், எறியப் பார்த்த பழசையெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்தவர். தொண்ணூறு தாண்டியும் அங்கேயே நின்று, வந்தவர்களுக்கு ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து இப்படித்தான் பிடிப்பார்கள் என்று காட்டுவாராம், ஆர்மோனியம் வாசிப்பாராம். 2022இல் போய்ச் சேர்ந்தார், நூறு வயசில். வீட்டுக்கார அம்மா அவரைப் பற்றிப் பேசும்போது பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

தம்பி, இந்த ஊரில் மரமே கிடையாது. ஏதோ இடுப்பளவுப் புதர் இருக்கிறது, அதை நீ மரம் என்று சொல்லமாட்டாய். பின்னே வீட்டுக்கு உத்தரம், படகுக்குப் பலகை, பாத்திரத்துக்குக் கட்டை எங்கிருந்து வந்தது? கடல் கொண்டுவந்து போட்டது. ரஷ்யாவில் சைபீரியா ஆற்றில் விழுந்த மரம், ஆற்றோடு கடலுக்கு வந்து, பனிக்கட்டியோடு வருஷக்கணக்கில் மிதந்து இந்தக் கரையில் ஒதுங்குகிறது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி லேசில் மக்காது. ஒதுங்கின மரத்தை யாரும் எடுத்துவிட முடியாது. இந்தக் கரை இந்தப் பண்ணைக்கு, அந்தக் கரை அந்தக் கோயிலுக்கு என்று பட்டா மாதிரி உரிமை. நம் பட்டறையில் தேக்கு வெட்டி நான் எவ்வளவு சிராயைக் குப்பையில் தள்ளியிருப்பேன். இவன் கையில் அந்தத் துண்டு கிடைத்திருந்தால் அதில் ஒரு கரண்டி எடுத்திருப்பான்.

அஸ்கூர் என்று ஒரு பாத்திரம். அதன் முன்னால்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஒரே கட்டையைக் குடைந்ததில்லை. பீப்பாய் மாதிரி சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளைச் சரித்து இழைத்து, வட்டமாக நிறுத்தி, வெளியே மரச்சிம்பால் வளையம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஆணி இல்லை, கோந்து இல்லை. கஞ்சி ஊற்றினால் மரம் ஊறி உப்பி, இடுக்கு தானே அடைத்துக்கொள்ளும். மேலே ஒரு மூடி, கீல் மாதிரி ஒரு காதில் மாட்டித் திறக்கிற மாதிரி. அந்த மூடியில்தான் கொடி கொடியாகச் செதுக்கல். கஞ்சி கீழே, மூடியைத் திருப்பி வைத்தால் மீனும் வெண்ணெயும் வைத்துக்கொள்ளத் தட்டு. வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அஸ்கூர். மேசை என்று ஒன்று கிடையாது. அவரவர் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் தனியாக இல்லை, அதைக் கவனி. பாத்ஸ்தோவா என்று ஒரே ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், அதுவே இருக்கை, அதுவே வேலை செய்கிற இடம். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக. நானும் படுத்துப் பார்க்கிற எண்ணத்தோடு அளந்தேன், என் கைக்கு மூன்று சாண் சொச்சம்தான் அகலம். சுவர் கல்லும் புல்மண் கட்டியும், கூரை மேலே புல். குளிர்காலத்தில் விளக்கேற்றின பிறகு குடும்பமும் வேலையாட்களும் அங்கேதான். ஒருத்தர் கம்பளி சிக்கெடுக்க, ஒருத்தர் நூற்க, ஆம்பளை பொம்பளை வித்தியாசமில்லாமல் பின்ன, ஒருத்தர் பழைய கதையைச் சத்தமாகப் படிப்பார். பிள்ளைகளுக்கும் இவ்வளவு பின்னணும் என்று கணக்கு. அத்தனை நெருக்கத்தில் சண்டை வராமலா இருந்திருக்கும்? வந்திருக்கும். கோபித்துக்கொண்டு போக வேறு அறை இல்லை, வெளியே பனி. ராத்திரி அந்தக் கட்டிலில் அவர் காலுக்குப் பக்கத்தில்தான் இவர் தலை. நீ சாப்பிடும்போதாவது போனைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் யாராவது இருக்கிற மாதிரி பார்த்துக்கொள். உன் கூட வேலை பார்க்கிற அந்தத் தஞ்சாவூர்ப் பையன் இன்னும் அங்கேதானே இருக்கிறான்?

மருமகளை நான் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். நல்ல பிள்ளை.

மீனவர் கையுறை ஒன்று பார்த்தேன், அதைச் சொல்லணும். கம்பளியில் பெரிதாகப் பின்னி, தண்ணீரில் துவைத்துத் துவைத்துக் கெட்டியாக்கினது. கட்டைவிரல் இரண்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அம்மா பார்த்துவிட்டு, "ஆறு விரல்காரனுக்கா?" என்றாள். வீட்டுக்கார அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடுப்புப் போட்டு உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துவிட்டால், கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்வதாம். புறங்கைப் பக்கம் உள்ளங்கைக்கு வந்துவிடும், அதற்குத்தான் இரண்டாவது கட்டைவிரல். படகில் இருக்கிறவனுக்கு ஊசி நூல் தேட நேரமில்லை, கரையில் இருக்கிற பெண்டாட்டி முன்கூட்டியே யோசித்துப் பின்னி அனுப்பியிருக்கிறாள்.

படகும் பார்த்தேன். பியேதுர்சே என்று பேர். 1855இல் கட்டி 1946 வரைக்கும் கடலுக்குப் போயிருக்கிறது. எட்டுத் துடுப்பு. பலகைமேல் பலகை ஏறின மாதிரி வைத்து ஆணி அடித்து மடக்கியிருக்கிறார்கள். நான் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன், காவலுக்கு இருந்த பொண்ணு ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது, கறுப்பு மணல்தான். அலை அடங்கும் நேரம் பார்த்து இழுத்துத் தள்ளிவிட்டு ஏறணும். இங்கே வந்த புதிதில் அந்த அலையைப் பார்த்தே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மீன்தோலில் செருப்பு இருக்கிறது. ஒரு மலைப்பாதையின் தூரத்தை, இத்தனை ஜோடி மீன்தோல் செருப்பு தேயும் என்று கணக்குச் சொல்வார்களாம். உடைந்த பீங்கான் தட்டைக் கம்பி போட்டுத் தைத்து வைத்திருக்கிறார்கள். கட்டில் பலகை என்று ஒன்று, ராத்திரி போர்வை நழுவாமல் கட்டில் ஓரத்தில் சொருகுவதற்கு. பகலில் எடுத்துவிடுவார்கள். அதில் இரவு ஜெபத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பலகையில் செதுக்கினவனுக்குக் கடைசியில் இடம் பத்தவில்லை. எழுத்தெல்லாம் நெருக்கியடித்து, மூலையில் போய் ஏறிக்கொண்டிருந்தது. அளவு போட்டுக்கொள்ளாமல் உளியை எடுத்தவன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் விளையாடின சாமான் ஒரு பெட்டி நிறைய. எல்லாம் ஆட்டு எலும்பு. கொம்பு என்றால் ஆடு, தாடை எலும்பு என்றால் மாடு, கால் எலும்பு என்றால் குதிரை. கணுக்கால் எலும்பு ஒன்றை வைத்துக் குறி பார்ப்பார்களாம். திரும்பி வந்த பிறகு வீட்டுக்கார அம்மா தன் பாட்டியுடைய எலும்பை எடுத்துவந்தார். உச்சந்தலையில் வைத்து, மனசுக்குள் கேள்வி கேட்டு, தலையை ஆட்டிக் கீழே விழவிடணும். கூன் மேலே விழுந்தால் ஆமாம், குழி மேலே விழுந்தால் இல்லை. பக்கவாட்டில் விழுந்தால் அதற்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல மனசில்லை. அம்மா வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டாள். மூன்று தடவையும் பக்கவாட்டில்தான் விழுந்தது. என்ன கேட்டாய் என்றேன். பால் காய்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

இந்தத் தாளிலிருந்து அக்காவிடம் கொடுக்கப்போவதில்லை. நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கோணலாக இருந்தால் திருப்பிப் படித்துக்கொள்.

பின்னல் ஊசி போட்டுவைக்கிற நீளப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. மூடியை இழுத்துத் திறக்கிற மாதிரி, பள்ளம் வெட்டிச் செய்தது. புதுக் கை. ஒரு மூலை சேரவில்லை, நகம் நுழையும் அளவு இடைவெளி. உப்புத்தாள்கூடப் போடாமல் விட்டிருக்கிறான். அம்மா அதன் முன்னால் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பாத்தீங்களா, இவங்க எதையும் செல்லரிக்க விடலை."

இந்த ஊரில் கறையான் கிடையாது. அவள் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏழாவது முடித்த லீவு. பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகளைப் பொறுக்கி, பதினைந்து நாள் ஒளிந்து ஒளிந்து அம்மாவுக்கு அஞ்சறைப்பெட்டி செய்தாய். இழுப்பு மூடி. மூலைப் பொருத்தில் ஒன்று வாய் பிளந்திருந்தது. நீ என் முன்னால் நீட்டினபோது நான் கையில் வாங்கி, ஒரு பிடி கடுகு கொண்டுவரச் சொல்லி, அதில் போட்டுத் தூக்கிக் காட்டினேன். கடுகு பொலபொலவென்று கொட்டியது. "கடுகு நிக்காத பெட்டி" என்றேன். ஆட்கள் நாலு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவர்கள் உன்னைக் கடுகு என்றே கூப்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கு என் அப்பா இதைவிட அதிகம் செய்திருக்கிறார், அப்படித்தான் கை திருந்தும் என்று நினைத்தேன். நீ அன்றைக்குப் பிறகு பட்டறைப் படி ஏறவில்லை. என் பையன் படிப்பில் கெட்டி, அவனுக்கு உளி வேண்டாம் என்று ஊரெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா அந்தப் பெட்டியில் கடுகு வைக்காமல் மஞ்சள் துண்டும் மிளகாயும் வைத்துப் புழங்கினாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு வீட்டுக்குப் பூஜை அலமாரி வேலை. நாளைக்குக் குடிபுகுகிறார்கள், தேக்கு ஒரு முழம் குறைகிறது, மரக்கடை அடைத்துவிட்டான். நான் வீட்டுக்கு வந்து மிளகாயைத் தாளில் கொட்டிவிட்டு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பிரிக்க ஐந்து நிமிஷம் ஆகும் என்று பார்த்தேன். ஆகவில்லை, தம்பி. மற்ற மூன்று மூலையும் இறுக்கமாகப் பிடித்திருந்தது. கொட்டாப்புளியால் அடித்துத்தான் கழற்றினேன். அடிக்கும்போதே தெரிந்தது, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட பொருத்து என்று. ஆனாலும் அடித்தேன். நீ கேட்டபோது செல்லரித்துப் போச்சு, எரித்துவிட்டேன் என்றேன். தேக்கைச் செல்லரிக்குமா என்று நீ கேட்கவில்லை. அப்படியே பார்த்துவிட்டுப் போய்விட்டாய். அம்மாவும் கேட்கவில்லை. எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

ஸ்கோகரில் ஒரு கதை சொல்கிறார்கள். முதன்முதலில் அங்கே குடியேறின ஒருத்தன் தங்கப் பெட்டியை அருவிக்குப் பின்னால் ஒளித்துவைத்தானாம். பின்னால் வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். பெட்டி வரவில்லை, பக்கத்து வளையம் மட்டும் கையோடு வந்துவிட்டது. அந்த வளையத்தையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். என்னிடம் வளையம்கூட இல்லை.

எனக்கு உன் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. அக்கா சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே. நீ சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் நான் முதலில் வாய் பிளந்த மூலையைத்தான் பார்ப்பேன் என்று நினைத்திருப்பாய். நினைத்ததில் தப்பில்லை. மற்ற மூன்று மூலையைப் பற்றி அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கணும்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்று மட்டும் சொல்லு. மழை ஆரம்பித்துவிட்டால் குடை கொடுத்து அனுப்பு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளைக் கேட்டதாகச் சொல்லு, சொல்ல முடிந்தால்.

இத்தனை வருஷமும் நீ போன் பண்ணினால் "நல்லா இருக்கியா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று போனை நீட்டுகிறவன் நான். செவ்வாய்க்கிழமை உன் நேரம் ராத்திரி எட்டரைக்கு, இங்கே மத்தியானம் மூன்று மணி, அக்கா போனில் நானே கூப்பிடுகிறேன். அம்மா குழந்தையோடு வெளியே நடக்கப் போயிருப்பாள். நீ எடுக்கவில்லை என்றால் புதன்கிழமையும் அதே நேரத்துக்குக் கூப்பிடுவேன்.

அன்புடன்
அப்பா